மருந்து எங்கிருந்து வரட்டும்: வயலா, விலங்கா, ஈஸ்ட்டா?

ஏதோ ஒரு உயிருக்குள் இருக்கும் மூலக்கூறு மனிதருக்கு மருந்தாகிறது, அது இப்போது டன் கணக்கில் வேண்டும் என்றால் என்ன செய்வது? இருக்கிற இடத்திலிருந்தே எடுக்கலாம்: செடியின் இலை, மரத்தின் பட்டை, பன்றியின் குடல், ஒரு காலத்தில் இறந்த மனிதரின் மூளையடிச் சுரப்பிகூட. இல்லையென்றால் வேதியியல் ஆய்வகத்தில் படிப்படியாகக் கட்டலாம். மூன்றாவதாக, அந்த உயிர் எந்த மரபணுக்களைக் கொண்டு அதைச் செய்கிறதோ அவற்றைப் படித்து, ஈஸ்ட்டுக்கோ பாக்டீரியாவுக்கோ கொடுத்து, சர்க்கரை ஊட்டி வளர்த்து, அவற்றையே செய்ய வைக்கலாம். செயற்கை உயிரியல் மருத்துவத்தை மாற்றுகிறது என்றதும் நிறையப் பேருக்கு நினைவு வருவது உடம்புக்குள் மரபணுவைத் திருத்தும் சிகிச்சைகள்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது இந்த மூன்றாவது வழி, ஏனென்றால் இது சத்தமே இல்லாமல் ஏற்கெனவே கோடிக்கணக்கானவர்களின் சிகிச்சைக்குள் வந்துவிட்டது.

சரி, எந்த மருந்துக்கு எந்த வழி? எல்லாவற்றையும் எஃகுத் தொட்டிக்கு மாற்றிவிடலாம் என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், இயற்கையில் கிடைப்பதை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்று இன்னொரு பக்கம் கேட்கிறார்கள். கடைசியில் முடிவெடுப்பவர்கள் பெரும்பாலும் பார்ப்பது ஒரு கிலோவின் விலையை மட்டும்தான். அது போதாது என்பது என் கட்சி. மூலம் மனித உடலோ விலங்கின் உடலோ என்றால், கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் மாறிவிட வேண்டும். மூலம் வயல் என்றால் வயலையும் விடக்கூடாது, ஈஸ்ட்டையும் விடக்கூடாது; இரண்டாவது வழியைத் தயாராக நிறுத்தி வைத்திருப்பதற்கே யாராவது காசு கொடுக்க வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு மருந்தாகப் பார்த்தால்தான் புரியும்.

உடலிலிருந்து எடுத்த காலம்

மனித உடலிலிருந்து எடுத்த மருந்துகளைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு 1980-களின் நடுப்பகுதி வரை கொடுத்த ஹார்மோன், இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வந்தது. ஏராளமான சுரப்பிகளை ஒன்றாகச் சேர்த்துப் பிரித்தெடுப்பார்கள். அதில் ஏதோ ஒன்றில் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் என்ற மூளை நோயைப் பரப்பும் பிரியான் புரதம் இருந்துவிட்டால் அந்தக் கலவையிலிருந்து வரும் மருந்து முழுவதும் சந்தேகத்துக்குரியது, நோய் வெளியே தெரிய பத்து இருபது ஆண்டுகள்கூட ஆகும். குழந்தையாக ஊசி போட்டுக்கொண்ட சிலர் இளைஞர்களாகி இந்த மூளை நோயில் இறந்தது தெரிய வந்ததும் 1985-இல் அமெரிக்காவில் விநியோகத்தை நிறுத்தினார்கள். அதே ஆண்டு பாக்டீரியாவில் செய்த ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. பிரான்ஸில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

இரத்தம் உறைவதற்கான எட்டாவது காரணியின் கதையும் இதே மாதிரிதான், இன்னும் பெரிய அளவில். ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து தயாரித்ததால், இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோய் உள்ளவர்களில் மிகப் பெரிய பங்கினருக்கு எச்ஐவியும் ஹெபடைடிஸ் சியும் தொற்றின. மரபணு வழியில் செய்த எட்டாவது காரணி 1992-இல்தான் அனுமதி பெற்றது. முதல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிகூட, 1981-இல் வந்தது, அந்த வைரஸைச் சுமப்பவர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தது; 1986-இல் ஈஸ்ட்டில் செய்த தடுப்பூசி வந்தபின் அந்த இரத்தமே தேவைப்படவில்லை. இங்கேயெல்லாம் ‘இயற்கையானது’ என்ற சொல்லுக்கு எந்தப் பாதுகாப்பு அர்த்தமும் இல்லை. யாருடைய உடலிலிருந்து எடுக்கிறோமோ அவருடைய நோயும் கூடவே வரும்.

இன்சுலின் கொஞ்சம் வேறு மாதிரி. பன்றி இன்சுலினுக்கும் மனித இன்சுலினுக்கும் ஒரே ஒரு அமினோ அமிலம்தான் வித்தியாசம், மாட்டு இன்சுலினுக்கு மூன்று. பன்றி இன்சுலின் மோசமான மருந்தே இல்லை, 1920-களிலிருந்து அறுபது ஆண்டுகள் கணக்கற்ற பேரை உயிரோடு வைத்திருந்தது. சிக்கல் அளவில் இருந்தது: ஒரு கிலோ இன்சுலினுக்கு ஏறக்குறைய 8,000 கிலோ கணையம் என்று அந்தக் காலக் கணக்கு, அதாவது இறைச்சித் தொழில் எவ்வளவு நடக்கிறதோ அவ்வளவுதான் இன்சுலின். நீரிழிவு உள்ளவர்கள் கூடிக்கொண்டே போக, இறைச்சிக்கூடங்களை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்? 1978-இல் அமெரிக்காவின் ஜெனென்டெக் நிறுவனம், சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையம் இரண்டின் ஆய்வாளர்கள் இன்சுலினின் இரண்டு சங்கிலிகளையும் தனித்தனிப் பாக்டீரியாக்களில் செய்து பிறகு இணைத்தார்கள். 1982-இல் அது மருந்தாக அனுமதி பெற்றது. இன்று உலகில் பயன்படும் இன்சுலின் கிட்டத்தட்ட முழுக்கவே பாக்டீரியாவோ ஈஸ்ட்டோ செய்வது.

ஆனால் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போனால் ஒப்பீடு பொய்யாகிவிடும். அமெரிக்காவில் ஹுமலாக் என்ற இன்சுலினின் ஒரு குப்பி 1996-இல் 21 டாலர், சுமார் இருபது ஆண்டுகளில் பட்டியல் விலை 275 டாலர் பக்கம் போய்விட்டது, 2023-இல்தான் நிறுவனம் 70 சதவீதக் குறைப்பை அறிவித்தது. பாக்டீரியாவின் சாப்பாட்டுச் செலவு இருபது ஆண்டில் பதிமூன்று மடங்கு ஏறவில்லை. செய்யும் முறை மலிவானால் மருந்தும் மலிவாகும் என்று யாராவது சொன்னால், எந்த நாட்டில், யாரோடு போட்ட ஒப்பந்தத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன். இன்சுலினைக் கண்டறிந்தவர்கள் 1923-இல் காப்புரிமையை டொரன்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் மனசு கனத்துவிடும்.

நீல இரத்தம்

விலங்கு மூலத்தை விட்டு மாற எவ்வளவு தாமதம் ஆகிறது என்பதற்கு குதிரைலாட நண்டை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. உடம்புக்குள் செலுத்தும் எந்த மருந்திலும் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியாவின் நச்சு இருக்கக்கூடாது, இருந்தால் கடுங்காய்ச்சல், அதிர்ச்சி, மரணம்கூட. முன்பெல்லாம் முயலுக்கு ஊசி போட்டு அதற்குக் காய்ச்சல் வருகிறதா என்று பார்த்தார்கள். 1960-களில் ஃபிரெடரிக் பாங், ஜாக் லெவின் இருவரும் இந்த நண்டின் இரத்த அணுக்களின் சாறு மிகக் குறைந்த எண்டோடாக்சினுக்கே உறைந்துவிடுகிறது என்று காட்டினார்கள், 1977-இல் அது அதிகாரபூர்வ சோதனையாக அனுமதி பெற்றது. அன்றிலிருந்து தடுப்பூசி, சலைன், செயற்கை மூட்டு என்று எல்லாவற்றையும் அந்த இரத்தம்தான் சோதித்து அனுப்பியது.

எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கடலிலிருந்து பிடித்து வந்த நண்டுகளைக் கழுவி, நீண்ட தாங்கியில் வரிசையாக, உடல் மடங்கும்படி கட்டி வைக்கிறார்கள்; ஓட்டின் இரண்டு பகுதிகள் சேரும் மூட்டில் ஊசி இறங்குகிறது, நேராக இதயத்துக்கு. கீழே கண்ணாடிப் பாட்டிலில் வெளிர்நீல திரவம் சொட்டுகிறது, இரும்புக்குப் பதிலாகத் தாமிரம் ஆக்சிஜனைச் சுமப்பதால் அந்த நிறம். சுமார் மூன்றில் ஒரு பங்கு இரத்தம் எடுத்தபின் கடலில் விடுகிறார்கள். அவற்றில் 15 முதல் 30 சதவீதம் வரை செத்துவிடுகின்றன என்று ஆய்வுகள் மதிப்பிட்டிருக்கின்றன. அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் இந்த நண்டு இடும் முட்டையைத் தின்றுதான் ரெட் நாட் என்ற வலசைப் பறவை ஆர்க்டிக் வரை பறக்கத் தெம்பு சேர்க்கிறது, நண்டு குறைந்தால் பறவையும் குறைகிறது. ஆசியாவின் மூன்று முள் கொண்ட இனம் 2019-இலேயே அழியும் ஆபத்தில் உள்ளது என்று அறிவிக்கப்பட்டது.

மாற்று எப்போது வந்தது? சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ போ இருவரும் நண்டின் ‘காரணி சி’ மரபணுவைத் தனியே எடுத்து வேறு செல்களில் அந்தப் புரதத்தைச் செய்தது 1990-களில். 2003-இல் அது சந்தைக்கே வந்துவிட்டது. நண்டு இரத்தத்தில் பூஞ்சையின் சர்க்கரைக்குப் பதில் கொடுக்கும் இன்னொரு பாதையும் இருப்பதால் சில சமயம் தவறாக எச்சரிக்கும், இந்தத் தனிப் புரதத்தில் அந்தத் தொல்லையும் இல்லை. அப்படியிருந்தும் ஐரோப்பிய மருந்துத் தரநூல் இதைத் தனிச் சோதனையாக ஏற்றது 2021-இல், அமெரிக்கத் தரநூலின் புதிய அத்தியாயம் 2024-இல் ஒப்புதல் பெற்று 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. தொழில்நுட்பம் தயாரான பின் இருபது ஆண்டுக்கு மேல்! இடையில் எலி லில்லி நிறுவனம் தானாக முன்வந்து ஒற்றைத்தலைவலி மருந்து ஒன்றுக்கு இந்தச் சோதனையைப் பயன்படுத்தி 2018-இல் அனுமதி வாங்கியது, அதாவது விரும்பினால் முடிந்தது. மற்றவர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்றால், பழைய முறைக்குத் தனி நிரூபணம் வேண்டாம், புதியதற்கு ஒவ்வொரு மருந்துக்கும் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும், அவ்வளவுதான். இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை: புதிதாக வரும் மருந்துகள் எல்லாவற்றுக்கும் மாறிவிட வேண்டும், பழையவற்றுக்கு ஒரு காலக்கெடு வைக்க வேண்டும்.

வயலா தொட்டியா என்றால்

இனிமேல்தான் கடினமான பகுதி. செடியிலிருந்து வரும் மருந்தில் யாருக்கும் நோய் தொற்றுவதில்லை, எந்த உயிரையும் ஊசியால் குத்துவதில்லை, அதை நம்பி வாழும் விவசாயிகளும் இருக்கிறார்கள். இங்கே மாறுவதா வேண்டாமா என்பதற்கு ஆர்ட்டிமிசினினை முழுசாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயற்கை உயிரியலின் முதல் பெரிய வெற்றி என்று கொண்டாடப்பட்டது இதுதான், சந்தையில் தோற்றதும் இதுதான்.

மலேரியாவுக்கான இந்த மருந்தை 1970-களின் தொடக்கத்தில் சீனாவில் தூ யூயூவின் குழு ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடியிலிருந்து பிரித்தது. அதற்காக 2015-இல் அவருக்கு நோபல் பரிசு. உலக சுகாதார நிறுவனம் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்துகளைப் பரிந்துரைத்ததும் தேவை திடீரென்று எகிறியது. விதைத்ததிலிருந்து மாத்திரையாக வர ஒன்று, ஒன்றரை ஆண்டு ஆகும் பயிர் இது. தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும், விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் பயிரிடுவார்கள், அறுவடை வரும்போது விலை விழும், அடுத்த ஆண்டு யாரும் பயிரிட மாட்டார்கள், மறுபடி தட்டுப்பாடு. கிலோ 1,000 டாலரைத் தாண்டியதும் உண்டு, 200 டாலருக்குப் பக்கத்தில் படுத்ததும் உண்டு. நடுவில் மாட்டிக்கொள்வது ஒரு பக்கம் விவசாயி, இன்னொரு பக்கம் காய்ச்சலில் கிடக்கும் குழந்தை.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஜே கீஸ்லிங் குழுவுக்கும் கூட்டாளிகளுக்கும் கேட்ஸ் அறக்கட்டளை 2004-இல் 4.26 கோடி டாலர் கொடுத்தது. செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் வைத்து, ஆர்ட்டிமிசினினுக்கு முந்தைய படியான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை 2006-இல் லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில் செய்து காட்டினார்கள். மருந்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. 2013-இல் வந்த கட்டுரையில் லிட்டருக்கு 25 கிராம். இந்த 250 மடங்கு ஏற்றம் ஒரே கண்டுபிடிப்பால் வந்ததில்லை: செடியிலிருந்து இன்னும் சில என்சைம்களைத் தேடிப் பிடித்துச் சேர்த்தது, ஈஸ்ட் தன் சொந்தக் கொழுப்புக்குச் செலவழிக்கும் பாதையை ஒடுக்கியது, சர்க்கரையைச் சொட்டுச் சொட்டாக ஊட்டியது என்று நிறைய. எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. தொட்டியின் மேல் எண்ணெய் போன்ற ஒரு கரைப்பானை அடுக்காக ஊற்றி வைத்தார்கள். ஈஸ்ட் செய்து வெளியே தள்ளும் அமிலம் அதுவரை செல்களைச் சுற்றிப் படிகமாக ஒட்டிக்கொண்டு கிடந்தது, இப்போது மேலேறி எண்ணெயில் கரைந்துகொண்டது. அங்கிருந்து எடுத்து, ஆக்சிஜனும் ஒளியும் கொடுத்தால் மலேரியாக் கிருமியைக் கொல்லும் பெராக்சைடு பாலம், அதாவது மூலக்கூறுக்குள் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்த இணைப்பு, உருவாகிறது. அதாவது கடைசிப் படி வேதியியல்தான். மூன்று வழிகள் என்று நான் பிரித்துச் சொன்னது பேச்சு வசதிக்கு, நிஜத்தில் ஒன்றோடொன்று கலந்துதான் வேலை செய்கின்றன.

சனோஃபி நிறுவனம் 2013-இல் இத்தாலியின் கரேசியோவில் ஆலையைத் தொடங்கியது, ஆண்டுக்கு 50, 60 டன், உலகத் தேவையில் மூன்றில் ஒரு பங்கு என்று திட்டம், லாபமும் வேண்டாம் நஷ்டமும் வேண்டாம் என்ற விலை. அந்த விலை கிலோவுக்கு 350 முதல் 400 டாலர். அதே சமயம் வயல் விலை 250 டாலருக்குக் கீழே இறங்கியிருந்தது. மாத்திரை செய்யும் நிறுவனங்கள் மலிவானதை வாங்கின. 2015-இல் அந்த ஆலையில் ஆர்ட்டிமிசினின் ஒரு கிராம்கூடத் தயாராகவில்லை, பிறகு ஆலையே ஹூவேஃபார்மா என்ற பல்கேரிய நிறுவனத்துக்குக் கைமாறியது.

இதைத் தோல்வி என்று எழுதிவிட்டுப் போனவர்கள் நிறைய. நான் அப்படிப் பார்க்கவில்லை. ஈஸ்ட் வழி இருக்கிறது என்று தெரிந்தாலே வயல் விலை ஒரு அளவுக்கு மேல் ஏற முடியாது. வறட்சியோ பூச்சியோ வந்து ஒரு ஆண்டு விளைச்சல் போனாலும் சில மாதங்களில் தொட்டியில் செய்துவிடலாம். தீயணைப்பு வண்டி நின்றுகொண்டிருக்கும் நாட்களுக்கும் சேர்த்துத்தானே நாம் சம்பளம் கொடுக்கிறோம்? ஆர்ட்டிமிசினின் வாங்கும் பெரிய அமைப்புகள் ஆலையைத் தயார் நிலையில் வைத்திருப்பதற்கு ஒரு தொகையும், உற்பத்திக்குத் தனி விலையும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தால் இரண்டு வழியும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்திருக்கும். மாறாக டன்னுக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்டார்கள்.

விவசாயிகளின் கேள்வியும் நியாயமானது. இந்தச் செடியைப் பயிரிடுவோர் சீனா, வியட்நாம், கிழக்கு ஆப்பிரிக்கா எல்லாம் சேர்த்து ஒரு லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள், பெரும்பாலும் சிறு நிலக்காரர்கள். ஆலை முழு வேகத்தில் ஓடி உலகத் தேவை முழுவதையும் எடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் கதி என்ன என்று முன்கூட்டியே யாரும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. அதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம் இந்தச் செடியின் மரபணு வரைபடத்தை 2010-இல் வெளியிட்டு, கூடுதல் மருந்து தரும் வீரிய விதைகளை உருவாக்கியது. மரபணு மாற்றம் எதுவும் இல்லாத, பழைய பாணிக் கலப்பினப் பெருக்கம்தான், ஆனால் எந்தச் செடியோடு எதைச் சேர்ப்பது என்பதை வரைபடம் சொன்னது. வயல் வழிக்குள்ளேயே முன்னேற இவ்வளவு இடம் இருக்கும்போது அதை மறந்துவிட்டு ஒப்பிடுவது சரியில்லை.

எல்லாச் செடிக்கும் இதே தீர்ப்பு பொருந்தாது. நித்திய கல்யாணியிலிருந்து வரும் புற்றுநோய் மருந்துகளைப் பாருங்கள். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு 500 கிலோ காய்ந்த இலை, வின்கிரிஸ்டினுக்கு அதைவிட நான்கு மடங்கு. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வின்கிரிஸ்டின் இல்லாமல் சிகிச்சையே இல்லை என்று சொல்லலாம்; அமெரிக்காவில் 2019-இல் அதைச் செய்துவந்த இரண்டு நிறுவனங்களில் ஒன்று விலகி, இன்னொன்றின் உற்பத்தியும் தடுமாறியதும் மருத்துவர்கள் எந்தக் குழந்தைக்கு முதலில் கொடுப்பது என்று யோசிக்க வேண்டிய நிலை வந்தது. 2022-இல் கீஸ்லிங் குழு 30-க்கும் மேற்பட்ட என்சைம் படிகளை ஈஸ்ட்டில் ஓட்டி வின்பிளாஸ்டினின் இரண்டு பாதிகளையும் செய்து, வேதியியலால் இணைத்தது. அசாத்தியமான வேலை, ஆனால் கிடைத்தது லிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில், ஆர்ட்டிமிசினினின் 2006 நிலைக்கே இன்னும் வரவில்லை. இந்த மாதிரி இலை மிக அதிகம், மருந்து மிகக் குறைவு என்ற இடத்தில் தொட்டி ஒரு நாள் வயலை வெல்லும் என்று நம்புகிறேன், அதுவரை ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், வயலுக்குப் பாதுகாப்பு வேண்டும்.

பாக்லிடாக்செல் இன்னொரு திசையில் பாடம் சொல்கிறது. பசிபிக் யூ மரத்தின் பட்டையில் கண்டுபிடித்த மருந்து, பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், அதுவும் மிக மெதுவாக வளரும் மரம். 1994-இல் இரண்டு குழுக்கள் முழு வேதியியல் வழியில் கட்டிக் காட்டின, படிகள் அவ்வளவு நீளம் என்பதால் ஆலைக்கு உதவவில்லை. காப்பாற்றியது முதலில் ஐரோப்பிய யூவின் ஊசியிலைகளிலிருந்து பாதி மூலக்கூறை எடுத்து மீதியை வேதியியலால் முடித்த வழி, இலை மறுபடி துளிர்க்குமே. அப்புறம் யூ மரத்தின் செல்களையே, மரபணுவைத் தொடாமல், தொட்டியில் வளர்த்து எடுத்தார்கள். புதுமையாகத் தெரிவதுதான் சிறந்தது என்று முடிவு கட்டுபவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

யார் கையில் இருக்கும்

சமூகத்துக்கு இதனால் என்ன என்று கேட்டால் இரண்டு விஷயம் எனக்கு முக்கியம். முதலாவது பாதுகாப்பு. ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டினா ஸ்மோல்க் குழு 2015-இல் 20-க்கும் மேற்பட்ட மரபணுக்களை ஈஸ்ட்டில் வைத்து அபின் வகை மூலக்கூறுகளைச் செய்தபோது, நாளைக்கே வீட்டுச் சமையலறையில் போதைப்பொருள் காய்ச்சுவார்கள் என்று பயந்தார்கள். அன்றைய அளவில் ஒரு வேளை வலி மருந்துக்கு ஆயிரக்கணக்கான கேலன் ஈஸ்ட் வேண்டியிருந்தது, ஆகவே அந்தப் பயம் அன்றைக்கு மிகை. ஆனால் அளவு கூடிக்கொண்டே வரும் தொழில் இது, அதே ஆய்விலிருந்து பிறந்த நிறுவனம் இப்போது ஆலை அளவில் செய்கிறது. சிறப்பு ஊட்டம் இல்லாமல் வளராத ஈஸ்ட், பூட்டிய கூடங்கள், விலைக்கு மரபணு செய்து கொடுக்கும் நிறுவனங்கள் யார் எதைக் கேட்கிறார்கள் என்று சரிபார்ப்பது, இதெல்லாம் முன்கூட்டியே வேண்டும். மரபணு செய்து விற்கும் பெரிய நிறுவனங்கள் சில 2009-லிருந்தே தாங்களாகச் சேர்ந்து சரிபார்க்கின்றன, இதைச் சட்டமாக எல்லோர்மேலும் வைக்க வேண்டும் என்பது என் எண்ணம். பாப்பிச் செடியை வேலி போட்டுக் காவல் காக்கலாம், ஒரு ஈஸ்ட் குழாயைப் பாக்கெட்டில் கொண்டுபோய்விடலாம்.

இரண்டாவது, அந்த மரபணு யாருடையது. செடியை எடுத்துப்போனால் அது விளைந்த நாட்டுக்குப் பங்கு கேட்க நகோயா என்ற சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் இப்போது செடியே வேண்டாம், கணினியில் கிடக்கும் மரபணு வரிசையைப் பார்த்து மரபணுவைப் புதிதாக எழுதிக்கொள்ளலாம். இந்த ஓட்டையை அடைக்க, வரிசைத் தகவலால் லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பணம் போடுவதற்காக 2025 பிப்ரவரியில், கொலம்பியாவின் காலி நகரின் பெயர் கொண்ட ‘காலி நிதி’ தொடங்கப்பட்டது. போடுவது இன்னும் விருப்பத்தைப் பொறுத்ததுதான். ஈஸ்ட் வழியைத் தேர்ந்தெடுக்கும் எந்த அரசும் ஒப்பந்தத்திலேயே இந்தப் பங்கை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் தலைமுறை தலைமுறையாகச் செடியைக் காத்தவர்களுக்கு வருவது ஒன்றுமில்லை.

அடுத்த பணத்தை எங்கே போடுவது

ஒரே ஒரு மருந்துக்கு ஆராய்ச்சிப் பணம் போடலாம் என்றால் என் தேர்வு, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின். டயாலிசிஸ், இதய அறுவை சிகிச்சை, இரத்தக்கட்டி என்று எங்கும் இது வேண்டும், இன்றும் பன்றிக் குடலின் சவ்விலிருந்துதான் எடுக்கிறார்கள், உலக அளவில் பெரும்பகுதி சீனாவின் பன்றிகளிலிருந்து. 2007, 2008-இல் யாரோ மலிவான ஒரு பொருளை, ஓவர்சல்ஃபேட்டட் கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட் என்பதை, இதில் கலந்தார்கள்; அப்போதிருந்த சோதனைகளில் அது ஹெபாரினாகவே தெரிந்தது. அமெரிக்காவில் சுமார் 80 மரணங்கள் இதோடு தொடர்புபடுத்தப்பட்டன. 2018-இல் தொடங்கிய ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் சீனாவின் பன்றிகள் கூட்டம் கூட்டமாக அழிந்தபோது மறுபடி எல்லோரும் பதறினார்கள். மாட்டிலிருந்து எடுத்த ஹெபாரினைப் பித்தப்பசு நோய் பயத்தால் பல நாடுகள் 1990-களிலேயே கைவிட்டிருந்தன.

வேதியியல் வழி முயற்சி செய்யாமல் இல்லை. ஹெபாரினின் வேலை செய்யும் ஐந்து சர்க்கரைத் துண்டை மட்டும் 50-க்கும் மேற்பட்ட படிகளில் கட்டி ஃபான்டாபாரினக்ஸ் என்று 2001-இல் மருந்தாக்கினார்கள். நல்ல மருந்து, சுத்தமானது. ஆனால் ஹெபாரினின் வேலையைப் புரோட்டமின் என்ற மாற்று மருந்து கொடுத்து உடனே முறிக்கலாம், இதை அப்படி முறிக்க முடியாது; சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் ஆகாது. ஆக எங்கே ஹெபாரின் மிகவும் வேண்டுமோ அங்கேயே இது உதவாது.

இன்சுலின் மாதிரி மரபணுவை எடுத்துப் பாக்டீரியாவில் வைத்தால் போதாதா என்றால், ஹெபாரின் புரதம் இல்லை, அதற்கென்று ஒரு மரபணு கிடையாது. நீண்ட சர்க்கரைச் சங்கிலி, அதில் எந்த இடத்தில் சல்ஃபேட் ஒட்ட வேண்டும் என்பதைப் பல என்சைம்கள் வரிசையாகச் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அதிர்ஷ்டவசமாக ஈ. கோலை பாக்டீரியாவின் கே5 என்ற வகை அந்தச் சங்கிலியின் வெற்று எலும்புக்கூட்டைத் தன் மேலுறைக்காகத் தானாகவே செய்கிறது. அதை எடுத்து, பாக்டீரியாவில் செய்த என்சைம்களால் ஒவ்வொரு சல்ஃபேட்டாக ஒட்டி ஹெபாரின் போன்றதைச் செய்ய முடியும் என்று ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள், டன் அளவில் மலிவாகச் செய்வதுதான் மிச்சம். பன்றி ஹெபாரின் இவ்வளவு மலிவாக இருக்கும்வரை எந்த நிறுவனமும் தன் சொந்தக் காசில் அந்த மிச்சத்தை முடிக்காது. அரசுகளும் பெரிய மருத்துவமனைக் கூட்டமைப்புகளும் சேர்ந்து, தரத்தில் தேறினால் முதல் பத்து ஆண்டுகள் பன்றி விலையை விட ஒன்றரை மடங்கு கொடுத்து இவ்வளவு கிலோ வாங்கிக்கொள்கிறோம் என்று இப்போதே எழுதிக் கொடுத்தால், வேலை தொடங்கும்.